பெனிக்னா அக்காவும் கறுப்புக் குய்யும்

எங்கள் ஊரில் குய்க்குச் சீக்கு வந்தால் இரண்டே வழிதான். லேசான சீக்கு என்றால் சட்டி, மோசமான சீக்கு என்றால் ஓடை. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்று காட்டியவள் என் ஓரகத்தி பெனிக்னா அக்கா. அதற்காக ஊர் அவளைக் கேலி செய்தது. நானும் செய்திருக்கிறேன்.

வெளியூர்க்காரர்கள் அதைக் கினிப் பன்றி என்பார்கள். அது பன்றியும் இல்லை, எலியும் இல்லை. அடுப்படியில் "குய் குய்" என்று கத்திக்கொண்டு நம் காலுக்கடியில் ஓடும், அதனால் குய். கல்யாணம், திருவிழா என்றால் வறுத்துத் தட்டில் வைப்போம். வைத்தியர் வந்தால் நோயாளியின் உடம்பில் தேய்ப்போம். பெயர் வைத்து மடியில் போட்டுக் கொஞ்சுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அக்காவும் கொஞ்சுகிறவள் இல்லை. திருவிழாவுக்கு முதல் நாள் அவளைப்போல வேகமாகக் குய் அறுத்துச் சுத்தம் செய்கிற கை இந்த மலையிலேயே இல்லை. ஆனால் அறுக்கிற நாள்வரை அது நோவில்லாமல் இருக்க வேண்டும், அதில் மட்டும் அவள் ஒரு பிடிவாதக்காரி. ஒருமுறை கால் ஒடிந்த குய் ஒன்றுக்கு மூங்கில் சீவி வைத்துக் கட்டி, அது மறுபடி ஓடுகிறவரை பார்த்து, பிறகு என் மகன் ஞானஸ்நானத்துக்கு அதையே வறுத்துக் கொண்டுவந்தாள். "நல்லா ஓடுச்சுடி, கறி கெட்டியா இருக்கும்" என்று சொல்லி என் தட்டில் தொடையை வைத்தாள். இவளை என்னவென்று சொல்வது?

அவள் புருஷன் செவெரோ என் புருஷன் பாசிலியோவுக்கு அண்ணன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். செவெரோ அத்தான் கோவேறு கழுதையில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். வாய் ஓயாத மனிதர். மழைக்காலத்தில் ஒருநாள் ஆற்றுக்கு மேல் போட்டிருக்கும் மரப்பாலத்தில் கழுதைக்குக் கால் வழுக்கிவிட்டது. அத்தான் கயிற்றை விடவில்லை. உள்ளங்கைத் தோல் உரிகிறவரை பிடித்திருந்தார். கடைசியில் கயிறு அறுந்து, மூட்டையும் கழுதையும் செம்மண் தண்ணீரில் உருண்டுபோனதைப் பாலத்தில் குப்புறப் படுத்தபடி பார்த்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தவர் பேசவில்லை. சாப்பிடவில்லை. கண்ணை மூடினால் திடுக்கிட்டு எழுந்தார். பயம் பிடித்துவிட்டது, ஆவி ஆற்றோரத்திலேயே தங்கிவிட்டது என்று பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. இதற்கு மாத்திரை கிடையாது. ஊர் வைத்தியர் டான் அனக்லெதோவைத்தான் கூப்பிட வேண்டும்; டான் என்றால் எங்களுக்குப் பெரியய்யா.

டான் அனக்லெதோ வைத்தியம் பார்க்க வந்தால் கறுப்புக் குய்தான் கேட்பார். ஆம்பளைக்கு ஆண் குய், பொம்பளைக்குப் பெண் குய். மாற்றித் தேய்த்தால் செல்லாது, பாலுக்குப் பதில் தண்ணீரைக் காய்ச்சுகிற கதைதான். அன்றைக்கு அக்கா வெந்நீர் வைத்துக்கொண்டிருக்க, அவரே அடுப்படி மூலையில் கையை விட்டுத் துழாவி ஒரு கறுப்புக் குய்யைத் தூக்கினார். "இவன்தான்" என்றார். அதன் கழுத்தில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி, அத்தானின் தலையிலிருந்து தேய்க்கத் தொடங்கினார்.

வழக்கமாகத் தேய்க்கிற கையிலேயே குய் செத்துவிடும். பிறகு அதைக் கிழித்துப் பார்த்து எங்கே நோய் என்று சொல்வார். இந்தக் குய் சாகவில்லை. தேய்த்துக்கொண்டு முழங்காலுக்கு வந்தபோது அவர் விரலை நறுக்கென்று கடித்துவிட்டுக் குதித்து ஓடி மற்ற குய்களோடு கலந்துவிட்டது. டான் அனக்லெதோ விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"பாதி நோயி அவன்கிட்ட போயிடுச்சு. செவெரோ, உன் ஆவியில பாதியும் அவன்கூடத்தான் போயிருக்கு. இனி வேற குய் ஆகாது. இவனை வெச்சுத்தான் முடிக்கணும்."

"அப்ப முடிச்சிடுங்க பெரியய்யா" என்றாள் அக்கா.

"கடிச்ச அன்னிக்குத் தேய்க்கக் கூடாது. விடிஞ்சா நான் கடற்கரைப் பக்கம் மகன் வீட்டுக்குப் போறேன். மக்காச்சோளம் அறுக்கையில வருவேன். அதுவரைக்கும் இவன் உசிரோட இருக்கணும்."

படுக்கையிலிருந்து அத்தான் கேட்டார்: "செத்துட்டா?"

டான் அனக்லெதோ பதில் சொல்லாமல் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் எத்தனையோ பேரைக் குணப்படுத்தியவர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பதில் சொல்லாமல் போனது கொடுமை.

அத்தான் பாதி தேறினார். நிஜமாகவே பாதிதான். கொடுத்த உருளைக்கிழங்கில் பாதியைச் சாப்பிட்டார். முற்றம் வரை வந்து உட்கார்ந்தார், தெருவுக்குப் போகவில்லை. ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பக்கூட மாட்டார். காலையில் கண் விழித்ததும் பெண்டாட்டி முகத்தைப் பார்க்க மாட்டார், "அவன் இருக்கானா?" என்பார். அக்கா சிவப்பு நூல் கட்டிய குய்யைக் கம்பளித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டுவாள். பார்த்த பிறகுதான் கஞ்சி.

"என்னக்கா, உன் சக்களத்தி நல்லா இருக்காளா?" என்று நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பேன்.

"உன்னைவிட நல்லா இருக்கா. வாயை மூடிட்டுத் திங்கிறா" என்று பதில் வரும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு குளிர்காற்றில் குடைசாய்ந்தது. பனி இறங்கிய ஒரு வாரத்தில் அந்தக் குய் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிட்டது. கண்ணில் பீளை, மூக்கில் சளி. மூச்சு விட்டால் பழைய கதவு மாதிரி ஒரு சத்தம். குதிரைமசால் தழையை மூக்குக்கு நேராக நீட்டினாலும் திரும்பிக்கொண்டது. குய் ஒருநாள் தின்னாவிட்டால் மறுநாள் குடல் நின்றுபோகும், அதற்கடுத்த நாள் அதுவும் இருக்காது. அடுப்படியில் வளர்ந்த எங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று காலை அத்தான் "அவன் இருக்கானா?" என்று கேட்டபோது, அக்கா பொய் சொல்லத் தெரியாமல் "இருக்கான், கொஞ்சம் முடியல" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மத்தியானத்துக்குள் அவருக்கும் மூச்சில் அதே சத்தம் வந்துவிட்டது. நான் மிகைப்படுத்தவில்லை, என் காதால் கேட்டேன்.

என் புருஷன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மதினி, பூண்டும் மிளகாயும் அரைச்சுத் தடவிப் பொரிச்சா அதுக்கு எந்தச் சீக்கும் இருக்காது."

அக்கா அவனைப் பார்த்த பார்வையில் அவனே பொரிந்துபோனான். சத்தமில்லாமல் வெளியே போனவன் சாயங்காலம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகு அவள் செய்ததைத்தான் நான் வாய் பிளந்து பார்த்தேன். முதலில் கதவுக்கு அடியில் காற்று வருகிற சந்தைச் சாக்கால் அடைத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில், சூடு வந்து புகை வராத இடமாகப் பார்த்து ஒரு பெட்டியை வைத்தாள். காய்ந்த புல் பரப்பி, கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். தனியாக விட்டால் ஏங்கிப்போகும் என்று ஒரு கிழட்டுக் குய்யையும் துணைக்குப் போட்டாள். சீமைச் சாமந்தித் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைத்தாள். தைலமர இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்க வைத்தாள், அதுவும் முகத்துக்கு நேராக வேண்டாம், மூச்சு முட்டும் என்று தள்ளி வைத்து. குதிரைமசாலை அம்மியில் நைய அரைத்து, பார்லிக் கஞ்சியில் கலந்து, இரண்டு சொட்டு ஆரஞ்சுச் சாறு விட்டாள். மருந்தகத்துப் பெண்ணிடம் ஊசியில்லாத ஊசிக்குழல் ஒன்று கேட்டு வாங்கிவந்து, அதைக்கொண்டு கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். நடுவாயில் விட்டால் நெஞ்சில் ஏறிவிடும் என்றாள். ஒரு வாய் விடுவாள், அது மென்று விழுங்குகிறவரை காத்திருப்பாள், அப்புறம்தான் அடுத்த வாய். எனக்கானால் பொறுமை போய்விடும். பெற்ற பிள்ளைக்கே நான் அப்படி ஊட்டியதில்லை.

வயிற்றில் ஒட்டிக் காய்ந்திருந்த அழுக்கைக் கழுவ வேண்டும், பிடித்துக்கொள் என்றாள். நான் மல்லாக்கப் பிடித்தேன். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"அக்கா! இது பொட்டைக்கா!"

ஈரக் கையால் என் வாயைப் பொத்தினாள். "கத்தாதடி. எனக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நோவுன்னு தூக்கின அன்னிக்கே. செனையா வேற இருக்கு."

டான் அனக்லெதோவுக்குக் கண் மங்கிப்போனது ஊருக்கே தெரியும், அவரிடம் சொல்லத்தான் ஆள் இல்லை. இருட்டு மூலையில் துழாவியவர் கைக்கு அகப்பட்டதை ஆண் என்று முடிவு கட்டிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்ப அத்தான்கிட்ட சொல்லிடேன்க்கா! ஆம்பளைக்குப் பொட்டையைத் தேய்ச்சா செல்லாதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். இதுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. இது செத்தா அவருக்கு என்ன?"

அக்கா துணியைப் பிழிந்தபடி சொன்னாள்: "தேய்ச்சதே செல்லாதுன்னா, அவரு பாதி தேறினதும் செல்லாதுதானே? இப்பப் பாதி உருளைக்கிழங்காவது உள்ள போகுது. அதையும் நான் பிடுங்கிக்கணுமா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இப்போது ஒரே வழி, அந்தக் குய் பிழைக்க வேண்டும். அது பிழைத்தால் அவர் எழுவார், அது போனால் அவரும் போவார். பொய்யான கயிறுதான், ஆனால் அதில்தான் அவர் தொங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அத்தானின் படுக்கையையும் அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். "ரெண்டு நோயாளிக்கு ரெண்டு அறையில ஓட எனக்கு நாலு காலா இருக்கு?" என்றாள். செடிக்கு மண் அணைக்கிற வேலை வந்து வயலுக்குப் போயே ஆக வேண்டிய அன்று, ஊசிக்குழலை அவர் கையில் வைத்தாள்.

அத்தான் பயந்துபோனார். "என்னால முடியாது. கை நடுங்குது."

"நடுங்குற கையோட ஊட்டுங்க. அதுக்கு என்ன தெரியப்போகுது?"

"செத்துப்போயிட்டா?"

"ஊட்டாட்டி செத்துப்போகும். ஊட்டினா என்ன ஆகும்னு பார்ப்போம்."

கம்பளியில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மடியில் வைத்துவிட்டு மண்வெட்டியோடு போய்விட்டாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். அத்தான் குழலை அதன் கடைவாயில் வைத்தார். கை நடுங்கிப் பாதி தாடையில் வழிந்தது. மீதியை அது மென்றது. "தின்னுடா, தின்னுடா தம்பி" என்றார். கழுதை போன நாளிலிருந்து பயத்தைத் தவிர வேறு பேச்சு அவர் வாயில் கேட்டது அன்றுதான். நான் வீட்டுக்கு வந்து காரணமில்லாமல் பாசிலியோவைத் திட்டினேன்.

அதன்பிறகு ஊட்டுகிறது அவர் வேலையாகிவிட்டது. எந்நேரமும் அவர் மடியில் கம்பளிச் சுருள்தான். அக்கா சுற்றிக் கொடுப்பாள், அவர் பிரித்துப் பார்க்க மாட்டார், தன் உயிரையே பிரித்துப் பார்க்கிற மாதிரி அவருக்குக் கூச்சம். மூச்சில் சத்தம் குறைந்தது. ஒருநாள் அது தானாகவே ஒரு மசால் இலையை இழுத்துத் தின்றது, அன்றைக்கு அத்தான் முழு உருளைக்கிழங்கு சாப்பிட்டார். அப்புறம் அது குண்டாகிக்கொண்டே போனது. "தேறிட்டான் பாரு மெல்சோரா, தொப்பையைப் பாரு!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டி, தன் வயிற்றையும் தட்டிக்கொண்டார். அக்கா முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நான்தான் சால்வை நுனியை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

அத்தான் வீட்டு வேலையெல்லாம் செய்தார். முற்றத்தில் உட்கார்ந்து கயிறு முறுக்கினார். ஆனாலும் ஆற்றுப் பக்கம் முகம் திரும்பவில்லை. பாலத்தைத் தாண்டாவிட்டால் சந்தை இல்லை, வயலில் பாதி இல்லை. எல்லாவற்றுக்கும் அக்காதான் போய்வந்தாள். "பெரியய்யா வந்து மீதியை முடிக்கட்டும்" என்பதே அவர் பேச்சு. முடிப்பது என்றால் அந்தக் குய் அவர் கையில் சாவது என்று அவருக்கும் தெரியும். அதைச் சொல்லும்போது மடியில் இருப்பதைத் தடவிக்கொள்வார்.

மக்காச்சோளம் அறுத்துக்கொண்டிருந்தோம். ஒரு காலையில் அக்கா என்னைக் கண்ணைக் காட்டி அழைத்துப் பெட்டியைக் காட்டினாள். இரண்டு குட்டிகள், ஒன்று கறுப்பு, ஒன்று செம்பட்டை. குய்க் குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, மயிரோடு பிறக்கும், பிறந்த சூட்டோடு ஓடும். அக்கா சாக்கைப் போட்டுப் பெட்டியை மூடினாள். "நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்றாள். எப்படிச் சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது.

நாளைவரை போகவில்லை. வெயில் ஏறுவதற்குள் வாசலில் டான் அனக்லெதோ. முகத்தில் புத்தம்புதுக் கண்ணாடி, மகன் வாங்கிக் கொடுத்ததாம். "எங்க நம்ம ஆளு?" என்றபடி நேராக அடுப்படிக்குள் நுழைந்தார். அத்தான் முற்றத்தில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து பின்னால் வந்தார்.

"பெரியய்யா, கோகா இலையை வாயில போட்டு மென்னுக்கிட்டு உட்காருங்க மொதல்ல" என்று அக்கா குறுக்கே வந்தாள். அவர் கேட்கவில்லை. சாக்கை விலக்கி, சிவப்பு நூலைப் பார்த்து, லபக்கென்று தூக்கிவிட்டார்.

அவ்வளவுதான். இரண்டு குட்டிகளும் கீச்கீச்சென்று கத்திக்கொண்டு பெட்டியிலிருந்து குதித்து, அவர் செருப்பைச் சுற்றிச் சுற்றி ஓடின. மேலிருந்து தாய் கத்துகிறது, கீழிருந்து குட்டிகள் கத்துகின்றன. டான் அனக்லெதோ கையில் இருந்ததை மல்லாக்கத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பாவம், கண்ணாடி போட்ட முதல் வாரத்திலேயே அவர் இதைப் பார்க்க வேண்டியிருந்தது.

எல்லோரும் அத்தான் முகத்தைத்தான் பார்த்தோம். அவர் நிறம் மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு, சோள மூட்டைமேல் உட்கார்ந்தார். போச்சு, அக்கா இத்தனை நாள் கட்டியதெல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"அன்னிக்கு வெளிச்சம் பத்தல" என்றார் டான் அனக்லெதோ. குரல் கீழே இறங்கியிருந்தது. "பரவாயில்ல செவெரோ. நல்ல ஆணா ஒண்ணு பிடி, மொதல்லேர்ந்து தேய்ச்சிடுவோம்."

"இருங்க பெரியய்யா." அத்தான் கையை நீட்டித் தாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கம்பளி இல்லாமல் அதை அவர் பிடித்தது அதுதான் முதல் தடவை. குட்டிகள் அவர் காலைத் தேடி வந்தன, அவற்றையும் எடுத்து மடியில் விட்டார். அவை வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டதும் சத்தம் அடங்கியது.

"அப்ப என் ஆவி இதுகிட்ட இல்லவே இல்ல" என்றார்.

"இல்ல" என்றாள் அக்கா.

"இதுகூடவே நானும் சாகப்போறேன்னு கெடந்தேனே."

"ஆமா."

"நீ எப்ப பார்த்த?"

"நோவு வந்த அன்னிக்கே."

அத்தான் யோசித்தார். அவர் முட்டாள் இல்லை, நான் யோசிக்காத இடத்துக்குப் போய்விட்டார். "அப்ப விட்டிருக்கலாமே பெனிக்னா. அது செத்திருந்தா, தூக்கிட்டு வந்து என் கண்ணு முன்னாடி மல்லாத்தி, 'பொட்டைய்யா, உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல'ன்னு காட்டியிருந்தா முடிஞ்சது. எனக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. எதுக்கு இவ்வளவு பாடு பட்ட?"

அக்காவுக்கு அந்தக் கேள்வியே புரியாத மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தாள், டான் அனக்லெதோவைப் பார்த்தாள்.

"நோவா இருந்துச்சேய்யா" என்றாள்.

அன்று எனக்குச் சொன்ன காரணத்தை அவள் சொல்லவில்லை. அது பொய்யான காரணமும் இல்லை. ஆனால் அதற்கு முன்னாலேயே, புருஷனை நினைக்கிறதற்கு முன்னாலேயே, அவள் சாக்கை எடுத்துக் கதவுச் சந்தை அடைத்திருக்கிறாள். இப்படி ஒருத்தியைப் பக்கத்துச் சுவரில் வைத்துக்கொண்டு நான் அத்தனை வருஷம் கேலி பேசியிருக்கிறேன்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு தாயையும் குட்டிகளையும் பெட்டியில் விட்டு, எழுந்து, தொப்பியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"பெரியய்யா, தேய்க்க வேணாம். சாப்பிட்டுட்டுப் போங்க. நான் ஆத்துப் பக்கம் ஒரு நடை போயிட்டு வரேன்."

அக்காவும் நானும் வாசலில் நின்று பார்த்தோம். அவர் சரிவில் இறங்கிப் பாலத்தின் தலைப்பில் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு ஒரு காலை மரத்தில் வைத்தார். அக்கா ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே என் கையைப் பிடித்தாள். அவர் அக்கரையில் ஏறிய பிறகுதான் விட்டாள். என் மணிக்கட்டில் அவளுடைய நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.